ஜெயலட்சுமியின் குரல் டிரேவரிடம்

என் மனைவியின் குரல் காக்ஸ் டவுனில் ஒருவருடைய போனில் இருந்தது. போட்டோவாக இருந்திருந்தால் சண்டை போட ஒரு முகாந்திரம் கிடைத்திருக்கும். மச்சானைக் கூட்டிக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம். குரலுக்காக யாரைக் கூட்டிக்கொண்டு போவது? போய்த்தான் என்னவென்று கேட்பது?

அந்த ஒருவரின் பெயர் டிரேவர். அவரிடம் வருவதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் உத்தமன், ஒக்கலிபுரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அப்பா குடியாத்தத்திலிருந்து இந்தக் கன்னடத்து ஊருக்கு வந்து போட்ட கடை. நான் நடை பழகியது அண்டாக்களுக்கு நடுவில். எங்கள் வீட்டில் குழந்தை பால் கேட்டால்கூட முதல் தடவை 'இல்லை' என்று சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால்தான் உண்மையான பசி என்பது எங்கள் குல நம்பிக்கை.

என் மனைவி ஜெயலட்சுமி, காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கமே ஒரு ஹாலில் மொழியியல் அறிமுக வகுப்பு நடக்கிறது, போகப் போகிறேன் என்றாள். மொழி என்றால் என்ன, மனிதன் எப்படிப் பேசுகிறான், குழந்தை எப்படிக் கற்கிறது, இதெல்லாம் பாடமாம். பேசுவதற்கு ஒரு பாடமா என்று நினைத்தேன். ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். அதிகமில்லை என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, தொண்டையில ரெண்டு விரல் வைங்க. 'பாம்பு'ன்னு சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"பாம்பு."

"மெதுவா. மொதல்ல 'பா' சொல்ல உதடு மூடறீங்கல்ல, அப்ப தொண்டை சும்மா இருக்கும். கடைசி 'பு'வுக்கு உதடு மூடியிருக்கறப்பவே அதிரும். தெரியுதா?"

அதிர்ந்தது. பிறந்ததிலிருந்து ஒரே எழுத்தைப் போட்டு இரண்டு சரக்கு விற்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

"யாரும் சொல்லித் தரலைங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் தப்பாம செய்யறாங்க. மண்டைக்குள்ள கணக்கு ஓடிட்டே இருக்கு, நமக்குத்தான் தெரியறதில்ல."

"க்ளாஸ்ல யார் தொண்டையில வெச்சுப் பாத்தீங்க?"

"அவங்கவங்க தொண்டையிலதான்!"

எங்கள் மகள் சிந்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் ஓடும் சத்தத்தோடு சிரிப்புச் சத்தமும் கேட்டது.

அடுத்த வாரம் எனக்கே ஒரு வெற்றி. நாய்க்கு நாய் என்று பேர் இருக்க எந்த நியாயமும் இல்லையாம். அந்தச் சத்தத்துக்கும் அந்தப் பிராணிக்கும் சம்பந்தமில்லை, ஊர் ஒத்துக்கொண்டதால் செல்லுகிறது, அவ்வளவுதான் என்றாள். நான் உடனே சொன்னேன்: "இதுல என்ன அதிசயம்? ரூபா நோட்டும் அப்படித்தான. காகிதத்துல என்ன இருக்கு? ஊரே ஒத்துக்கிட்டா செல்லும். ஒருநாள் ராத்திரி 'செல்லாது'ன்னா காகிதம்." ஜெயா என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் பார்த்த ஏதோ ஒன்று இருந்தது. அதை வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். பாடம் நடத்தும் நிருபமா மேடம் கை தட்டினாராம். அந்த வாரம் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் நானாகவே கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு வந்து, "டிரேவர் இன்னும் நல்லா ஒண்ணு சொன்னார்" என்றாள்.

அந்தப் பெயர் என் வீட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான்.

பிறகு ஒரு வீட்டுப்பாடம் வந்தது. ஒருவர் இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும். அதில் வரும் ஒவ்வொரு சொல்லையும், 'அது வந்து'வையும், இழுவையையும், நிறுத்தத்தையும் அப்படியே எழுத வேண்டும். திருத்தக் கூடாது.

"யார எடுக்கப் போற?"

"தெரியல. ஆளத் தேடணும்."

"ஏன் தேடணும்? நான் ஒருத்தன் காலைலேர்ந்து பேசிக்கிட்டேதான இருக்கேன்?"

யோசித்தாள். சனிக்கிழமை கடைக்கு வந்து, குக்கர் அடுக்கின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போனைக் கல்லாவின் மேல் வைத்தாள். என் வாழ்நாளிலேயே அவ்வளவு நன்றாக நான் வியாபாரம் செய்ததில்லை. மல்லேசுவரத்திலிருந்து கோமளம் மாமி வந்தார். "வாங்கோ மாமி, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா? அந்த வெண்கலப் பானை உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன். அடுத்து உருது பேசும் அம்மாள் ஒருவர் பேத்தி கல்யாணத்துக்குத் தட்டு பார்க்க வந்தார். "ஆவோ ஆபா, தேக்கோ, நயா மால்." அவர்கள் பேச்சில் ஆபா என்றால் அக்கா. பின்னாலேயே வந்த கன்னடத்துப் பெண்மணிக்கு, வாங்க, என்ன வேண்டும் என்று அவர் பாஷையிலேயே "பன்னி அக்கா, ஏன் பேக்கு?" ஈரோட்டிலிருந்து குடிவந்த ஒரு தம்பதி எட்டிப் பார்த்தார்கள். "வாங்க அம்மிணி, உள்ள வாங்க, பாக்கறதுக்குக் காசு இல்லீங்கோ." ஒருவரும் வெறுங்கையோடு போகவில்லை. கடையில் வேலை பார்க்கும் விஜிகூட, "அண்ணா, இன்னிக்கு ஃபுல் ஃபார்ம்" என்றாள்.

ஜெயா போனை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"எப்படி?"

"உங்கள எடுக்க முடியாதுங்க."

"ஏன்? வாய் சரியில்லையா?"

"வாய்க்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. உங்க பேச்சு எதுன்னுதான் தெரியல. மாமிகிட்ட மாமியா இருக்கீங்க, ஆபாகிட்ட ஆபாவா இருக்கீங்க."

"அதான் வியாபாரம்."

"எதிர்ல இருக்கறவங்க பக்கம் பேச்சு கொஞ்சம் சாயறது எல்லாருக்கும் உண்டாம். மேடம் சொன்னாங்க. நீங்க சாயல. குடியே போயிடறீங்க."

விஜி எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு சொம்பைத் துடைத்தாள். துடைத்த சொம்பையே துடைத்தாள்.

கடைசியில் நிருபமா மேடமே வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவரை ஒருவர் பதிவு செய்யச் சொல்லிவிட்டார். ஜெயாவுக்கு டிரேவர். டிரேவருக்கு ஜெயா.

"அவர் பேச்சு நல்லா இருக்குமா?" என்று கேட்டேன், ஏதோ வெயிலைப் பற்றிக் கேட்பதுபோல.

"யார்கிட்டப் பேசினாலும் ஒரே மாதிரி பேசுவார். பால்காரர்கிட்டயும் அதேதான், பிஷப்கிட்டயும் அதேதான்."

ஒரே விலைக் கடைகளை எனக்கு எப்போதுமே பிடிக்காது. பேரம் பேச வழியில்லாத இடத்தில் மனிதனுக்கு என்ன வேலை?

அந்த வாரம் சாயங்காலங்களில் ஜெயா சாப்பாட்டு மேஜையில் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கேட்பாள், நிறுத்துவாள், எழுதுவாள், மறுபடி அதையே கேட்பாள். நடுநடுவே சிரித்தாள். கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு அடுத்தவர் முகத்தைப் படிப்பது தொழில். அது வீட்டுப்பாடம் செய்பவள் முகமல்ல. நல்ல பேச்சுத் துணை கிடைத்தவள் முகம்.

"என்னதான் சொல்றாராம்?"

"சின்ன வயசுல ஏரியில படகு கவுந்த கதை." ஒரு காதை மட்டும் விடுவித்தாள். "பேசறவங்க எதிர்ல போன் இருக்கறத மறக்கணும்ல? அதுக்கு ஒரு கேள்வி இருக்கு. 'எப்பவாவது உயிர் போயிடும்னு நெனச்சதுண்டா?' அதக் கேட்டா யாரும் பேச்சுக்குப் பவுடர் பூச மாட்டாங்க. நடந்ததுக்குள்ளயே போயிடுவாங்க."

"உன்னையும் கேட்டாரா?"

"ம்."

"நீ சொன்னியா?"

"ம்."

"என்ன சொன்ன?"

"அத அவர் எழுதிட்டிருக்கார்."

"நான் கேக்கறேன், ஜெயா."

"ஒரு தடவ சொல்லிட்டேங்க. திரும்பச் சொன்னா வேற மாதிரி ஆயிடும்." காதை மறுபடி மூடிக்கொண்டாள்.

நான் மனதுக்குள் கிடங்கைத் திறந்து தேடினேன். என் மனைவி எப்போது சாகப் பார்த்தாள்? சிந்து பிறந்தபோது? வெளியே பெஞ்சில் நான் இருந்தேன். டெங்கு வந்தபோது? பப்பாளி இலையை அரைத்ததே நான்தான். மலைப் பாதையில் பஸ் ஓரம் போனபோது? அவள் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது நான். எல்லாவற்றிலும் நான் இருந்தேன். கூடவே இருந்த எனக்குத் தெரியாத கதை, அங்கே இல்லாத டிரேவருக்கு எப்படித் தெரியலாம்?

சிந்துவிடம் கேட்டேன். "உங்கம்மா என்னிக்காவது சாகக் கெடந்தாளா?"

லேப்டாப்பிலிருந்து தலை தூக்கினாள். "என்னப்பா கேள்வி இது, காலங்காத்தால?"

"டிரேவர்கிட்ட ஏதோ சொல்லியிருக்கா."

"ஓ." நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "அப்பா, டிரேவர் அங்கிளுக்கு அறுபது வயசாச்சு. அம்மாவ க்ளாஸ்ல விடப் போனப்ப பாத்தேன், ரிட்டயர்டு வாத்தியார். கண்ணாடிய சங்கிலியில கட்டி கழுத்துல தொங்கவிட்டிருப்பார். சர்ச்சுல பாடுவார். அவர் வைஃப் ஜூலியா ஆன்ட்டி கூட அப்படி ஒரு அன்னியோன்யம்."

"ஆள் மேல எனக்கு ஒண்ணும் இல்லடா."

"அப்ப எதுக்குப்பா மூஞ்சி இப்படி இருக்கு?"

ஆள் மேல் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஒருவர் மனைவியைக் கவர்ந்து போய்விடுவாரோ என்பது ஒரு பொறாமை. ஊரில் அதற்கு வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்தது வேறு: என் கிடங்கில் இத்தனை வருஷம் இருந்த ஒரு பொருளை, அது இருப்பதே தெரியாமல் நான் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதற்கு யாரிடம் வழி கேட்பது?

செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. நல்ல கனமான ஒரு டிபன் கேரியரைப் பளபளவென்று துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு காக்ஸ் டவுனுக்கு பஸ் ஏறினேன்.

சர்ச் பக்கம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தது ஓடு வேய்ந்த ஒரு பழைய வீடு, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள். சங்கிலிக் கண்ணாடியோடு வெளியே வந்தவர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க! ஜெயா மேடம் ஹஸ்பண்டுதானே? ஃபேமிலி போட்டோ காட்டியிருக்காங்க. ஜூலியா, யார் வந்திருக்காங்க பாரு!"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மேன்" என்றேன். ஆங்கிலோ-இந்தியர்கள் பேச்சில் வரும் அந்த 'மேன்' என் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. அவரைப் பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் குடிபோய்விட்டேன். டிரேவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஆர்வமாகப் பார்த்தார்.

வாங்க வந்த பொருளைப் பார்க்கக் கூடாது, பக்கத்துப் பொருளைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். அதனால் ஓட்டைப் பற்றிக் கேட்டேன், தொட்டிகளைப் பற்றிக் கேட்டேன், அவர் பாடும் சர்ச் கொயரைப் பற்றிக் கேட்டேன். ஜூலியா அம்மாள் டீயும் வாழைப்பழ கேக்கும் கொண்டுவந்து வைத்தார். கேக்கைப் புகழ்ந்தேன். எல்லாம் முடிந்து, எழுந்திருக்கப் போகிறவன் போல மடியைத் தட்டிக்கொண்டு, "அப்புறம், இந்த க்ளாஸு, ரெக்கார்டிங்கு எல்லாம் எப்படிப் போகுது?" என்றேன்.

"ஃபர்ஸ்ட் க்ளாஸ்! உங்க மிஸஸ் பேச்சு இருக்கே, தங்கம். ஒரு எடத்துல நிறுத்தறாங்க பாருங்க. அந்த நிறுத்தத்த எப்படி எழுதறதுன்னு மண்டைய ஒடச்சுக்கறேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறேன், இன்னும் சரியா வரல."

ஜெயா ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை சொன்னால் 'அதான் சொல்லிட்டியே' என்பவன் நான். இங்கே ஒருவர் அவள் சொல்லாமல் விட்ட இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நானும் கொஞ்சம் கேக்கலாமா?"

டிரேவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாரி மிஸ்டர் உத்தமன். அது என் போன்ல இருக்கு, ஆனா என்னுது இல்ல. பேசினவங்க சரின்னு சொல்லாம யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாது. மேடம் மொத நாளே வாக்கு வாங்கிட்டாங்க."

"நான் புருஷன்."

"அதுக்குத் தனியா ஒரு ரூல் இருக்கறதா மேடம் சொல்லலையே."

"டிரேவர்!" என்று உள்ளேயிருந்து ஜூலியா அம்மாள் அதட்டினார். அதட்டலுக்குள் சிரிப்பு இருந்தது.

பையிலிருந்து கேரியரை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வெயில் பட்டு அது கோயில் கலசம்போல மின்னியது. டிரேவர் அதை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, எடை பார்த்து, மனதாரப் பாராட்டிவிட்டு, என் பக்கமே தள்ளினார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா இத வாங்கிட்டேன்னா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும். இப்ப நீங்க சும்மா இந்தப் பக்கம் வந்திருக்கீங்க. அப்படியே இருக்கட்டும்."

கேரியரில் கேக்கைப் போட்டுக் கொடுத்தார் ஜூலியா அம்மாள். சரக்கு திரும்பி வந்தது மட்டுமல்ல, மேலே கடனும் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மத்தியானம் அவளுக்கு வகுப்பு. ஜெயா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

எங்கள் தொழிலில் வாங்குகிறவர் சொல்லும் பொய் ஒன்று உண்டு. அடுத்த கடைக்குள் காலே வைத்திருக்க மாட்டார், ஆனால் "அங்க இதே குக்கர் இன்னும் கம்மி" என்பார். நம் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக. ஆயுள் முழுக்க எனக்குச் சொல்லப்பட்ட அந்தப் பொய்யை முதல் தடவையாக நான் எடுத்தேன்.

"டிரேவர் போட்டுக் காட்டினார்" என்றேன், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

தோசைத் திருப்பி அந்தரத்தில் நின்றது. "எத?"

"அதான். நீ சொன்ன கதைய. செவ்வாக்கெழம அந்தப் பக்கம் போயிருந்தேன்ல."

அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். டிரேவரின் ஒரே விலைக் கடை அந்த நிமிஷமே இடிந்து விழுந்தது. சொல்வதற்கென்ன, வெல்லம்போல இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். விலை படிந்ததும் வாயை மூடு என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் ஒரு சரக்கை எடுத்துப் போட்டேன்.

"எல்லாம் சரி. ஆனா என்னப் பத்தி வெளியாள்கிட்ட அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், ஜெயா."

என்னைப் பார்த்தாள். கோபம் மெதுவாக இறங்கி, அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"உங்களப் பத்தியா?"

"ஆமா."

"அந்தக் கதையில நீங்க இல்லவே இல்லையேங்க."

தோசை கருகும் வாசனை வந்தது. ஹாலிலிருந்து சிந்து, "அப்பா, க்ளீன் போல்ட்!" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றாள் ஜெயா அவளிடம். பிறகு என்னிடம் திரும்பினாள். "ஒரு நல்ல மனுஷன் மேல இப்படிப் பழி போடுவீங்களா? நெஜம்னு நெனச்சு நான் மேடத்துக்கு போன் பண்ணியிருந்தா? அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

கடையை அலசிக் கழுவி விட்டதுபோல இருந்தது. அடுக்கி வைத்துக் காட்ட ஒரு சொம்புகூட மீதியில்லை.

"எனக்குக் கேக்கணும், ஜெயா" என்றேன். "அவர் கேட்டத நானும் கேக்கணும். அவ்ளோதான்."

தேவையை வெளியே காட்டினால் விலை ஏறும். ஏறட்டும் என்று இருந்தது.

அடுப்பை அணைத்தாள். என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேணும்னா 'ம்'. நான் நிறுத்தினா நிறுத்தினதுதான். நீங்க நடுவுல பூந்து ரொப்பக் கூடாது."

"ம்" என்றேன்.

"சிந்து காலேஜ்ல இருந்தப்ப. ஸ்கூல்லேர்ந்து வர்றேன், பயங்கர மழை. பஸ்ஸு ஒரு பாலத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு. தண்ணி படியேறி உள்ள வருது. முட்டி வரைக்கும் வந்துடுச்சு. லைட்டும் போச்சு. எல்லாரும் கத்தறாங்க. கன்னடத்துல கத்தறாங்க, தமிழ்ல, ஹிந்தியில. எனக்கும் கத்தணும். வாய் தெறக்குது, ஒண்ணும் வரல. எந்த பாஷையில கத்தறதுன்னே... தெரியலங்க. அது வந்து, பக்கத்துல ஒரு பொம்பள. கட்டட வேலைக்கு வந்தவ போல. எந்த ஊரோ. என் கையப் புடிச்சா. புடிச்சிக்கிட்டுப் பேச ஆரம்பிச்சா. ஒரு வார்த்தை... ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியல."

நிறுத்தினாள்.

டிரேவர் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் இதுதான் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் நிறுத்தும் இடத்தில்தான் நாங்கள் வார்த்தையைப் போடுவோம். 'உங்களுக்காகக் குறைச்சுத் தர்றேன்' என்பது அந்த இடத்துக்காகவே செய்த வார்த்தை. 'அப்புறம்?' என்று ஒன்று என் வாய்க்குள் வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. தம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா என்ன சொல்றான்னு தெரிஞ்சுது" என்று தொடர்ந்தாள். "மேல ஏறி ஏறிப் போயி, கடைசியில ஒரு எறக்கம். தாலாட்டு இல்ல. புள்ளைய அதட்டுவோமே, 'ஏய், ஒண்ணும் ஆகாது, சும்மா இரு'ன்னு, அந்த மாதிரி. அதையே மறுபடி மறுபடி. ஆளுங்க வந்து கயிறு கட்டி எறக்கற வரைக்கும் அவ நிறுத்தவே இல்ல. எறங்கினப்புறம் எந்தப் பக்கம் போனான்னு தெரியல. வார்த்தையே தெரியாம அது எப்படிங்க எனக்குள்ள எறங்கிச்சு? கொழந்தைங்க வார்த்தைக்கு முன்னாடி அந்த ராகத்தத்தான் புடிக்குமாம், மேடம் சொன்னாங்க. இதத் தெரிஞ்சிக்கத்தான் நான் க்ளாஸுக்கே போனேன்."

ஃபீஸ் எவ்வளவு என்றுதான் நான் கேட்டிருந்தேன்.

"பாத்தீங்களா" என்றாள் திடீரென்று. "இப்பவே அவளுக்கு என்ன பாத்திரம் குடுக்கலாம்னு யோசிக்கறீங்க."

அஞ்சு லிட்டர் குக்கர். கட்டட ஆட்களுக்குச் சமையல் பாத்திரம் எடுக்கும் மேஸ்திரிகள் சிலரை எனக்குத் தெரியும், விசாரித்தால் ஆள் கிடைக்கும் என்பதுவரை போயிருந்தேன்.

"அதுக்குத்தான் உங்ககிட்டச் சொல்லல. தேடிப் புடிச்சு, ஒரு குக்கரக் குடுத்து, கணக்க நேர் பண்ணிடுவீங்க. அது நேர் ஆக வேண்டாம். எனக்கு அப்படியே இருக்கட்டும்."

டிரேவர் மேல் இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தேடினேன். இடம் மாறியிருந்தது. இப்போது அந்தப் பெண் மேல். மாமிக்கு மாமியாக, ஆபாவுக்கு ஆபாவாக, வருகிறவர் வாயைப் பார்த்து வார்த்தை தேடியே காலம் தள்ளியவன் நான். இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லாமல், இருட்டில், முட்டிவரைத் தண்ணீரில், என் மனைவிக்கு அவள் என்னத்தையோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். போட்டிக்கு எந்தக் கடையைத் திறப்பது? அவளுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை, பொறாமைப்படக்கூட ஒரு முகவரி இல்லை.

ஜெயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள். "உயிர் போயிடும்னு எப்பவாவது நெனச்சதுண்டா?"

"டிரேவர் வீட்டுல" என்றேன்.

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையை மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"அது வந்து... அவர், நீ நிறுத்தின எடத்தத் திரும்பத் திரும்பக் கேக்கறேன்னார். நான் வந்து... நான் கேட்டதே இல்லல்ல? நீ பேசறப்ப நான் அடுத்து என்ன சொல்லலாம்னுதான்... கடையில அப்படித்தான், அவங்க முடிக்கறதுக்குள்ள நமக்கு ரெடியா இருக்கணும். அந்த மனுஷன் கேரியரத் திருப்பிக் குடுத்தாரா, வாங்கிட்டு வெளிய வந்தேன். பஸ் ஸ்டாப்பு எந்தப் பக்கம்னு தெரியல. யாரையாவது கேக்கலாம். கேக்கத் தோணல. எனக்கு என்னமோ... இவ்ளோ வருஷம் கூட இருந்துட்டு, வெளி ஆள் மாதிரி... என்னன்னு சொல்றது..."

சொல்லத் தெரியவில்லை. நின்றுவிட்டேன். அவள் ரொப்பவில்லை. ஹாலில் சிந்துவின் விசைப்பலகைச் சத்தமும் நின்றிருந்தது. இவ்வளவு நேரம் எதையும் விற்காமல் நான் பேசியதில்லை. மாமி எங்கே, ஆபா எங்கே, ஈரோடு எங்கே, ஒருவரும் துணைக்கு வரவில்லை.

ஜெயா மேஜையில் கவிழ்ந்து கிடந்த தன் போனைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யோ, இத ரெக்கார்டு பண்ணி வைக்காம விட்டுட்டேனே! இதுதாங்க உங்க பேச்சு. டிரேவர் மட்டும் இதக் கேட்டிருந்தா..."

"அவர் எதுக்குக் கேக்கணும்?" என்றேன்.